ஒருவழியாகச் சிக்கியது மெசியே 102

மெசியே 102 என்ற மங்கலான விண்மீன் திரள் (கேலக்ஸி) மூன்றாவது அமாவாசையில்தான் சிக்கியது. இடம், மூலனூர்ப் பக்கம் மாமாவின் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்). கருவி, என் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. குவியத் தூரம் 1,200 மி.மீ.

மாசியில் இரவு 11 மணிக்கே தேடியது என் அவசரம். அப்போது அது வடகிழக்கில் சுமார் 10 பாகை உயரத்தில்தான் இருந்தது. தேங்காய் உலர்களத்து விளக்கும் அதே திசையில். பங்குனியில் மேகம். சித்திரையில் புத்தி வந்து, கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டு 1 மணிக்கு எழுந்தேன். நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் 11 பாகை உயரத்தில், பனங்கொண்டையில் உட்கார்ந்தாற்போல் தெரியும். இந்த விண்மீன் திரளோ உச்சம் தொடும்போது 45 பாகைக்கு ஏறிவிடுகிறது. திருப்பூர்ப் பக்கத்து வெளிச்சம் கீழேயே தங்கிவிடும்.

102 என்ற எண்ணிலேயே ஒரு வழக்கு உண்டு. பிரெஞ்சு வானியலாளர் மெசியேயின் 1781 பட்டியலில் இதன் இடம் 'ஓமிக்ரான் பூட்டிஸுக்கும் அயோட்டா டிராகோனிஸுக்கும் நடுவே' என்று இருக்கிறது. இந்த இரு விண்மீன்களுக்கும் இடையே 40 பாகைக்கு மேல் வெற்றுவெளி! 1783இல் மெசியேயின் சக வானியலாளர் மெஷேன், 102 என்பது அதே பட்டியலின் 101ஐயே மறுபடி எழுதிய பிழை என்று கடிதம் எழுதினார். ஓமிக்ரான் அல்ல, தீட்டா பூட்டிஸ் என்று படித்தால், என்.ஜி.சி. என்ற பிற்காலப் பட்டியலில் 5866ஆம் எண் கொண்ட திரள் பொருந்துகிறது என்பது மற்றொரு கட்சி. கிரேக்க எழுத்தில் வட்டத்துக்குள் ஒரு கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். புள்ளி வைக்காத ஏட்டுச்சுவடிகளைப் படித்த நமக்கு இது புதிதா என்ன? நான் தீட்டா கட்சி.

சப்தரிஷி வாலின் நுனியான மரீசியிலிருந்து கிழக்கே தீட்டா, அதிலிருந்து அயோட்டா. அங்கிருந்து தீட்டாவை நோக்கி மூன்றில் ஒரு பங்கு திரும்பி வர வேண்டும். என் தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழ் என்பதை மறந்து முதலில் எதிர்ப்பக்கம் போய் இருபது நிமிடம் வீண்.

25 மி.மீ. ஐபீஸில் (கண்ணருகு லென்ஸில்) ஒன்றுமில்லை என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற அப்புச்சி (அம்மாவின் அப்பா), "இருட்டில் தொலைந்த ஆட்டை நேராகப் பார்த்துத் தேடக் கூடாது கண்ணு" என்றார். கண்ணைச் சற்று ஓரமாகத் திருப்பியதும் வந்தது: நடுவில் தடித்து இருமுனையும் கூர்ந்த ஒரு சாம்பல் கீற்று, நூல் சுற்றிய தக்களி போல. நேராகப் பார்த்தால் பாதி மறைந்துவிடும். 10 மி.மீ. போட்டதும் நடு இன்னும் பிரகாசமானது. ஹப்பிள் படத்தில் குறுக்கே ஓடும் கருந்தூசிக் கோடு எனக்குத் துளியும் தெரியவில்லை. 8 அங்குலத்தில் அதை எதிர்பார்ப்பது பேராசை.

இது லென்ஸ் வடிவத் திரள். இவ்வகையில் வட்டத்தட்டு உண்டு, சுருள் கைகள் இல்லை. புது விண்மீன்களைப் பிறப்பிக்கும் வாயு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இதை நாம் ஏறத்தாழ விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம். தொலைவு சுமார் 5 கோடி ஒளியாண்டு.

அப்புச்சியும் கண்புரை அறுவையில் லென்ஸ் வைத்த கண்ணால் பார்த்தார். "கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி இருக்கிறது. இதற்கா மூன்று அமாவாசை?"

அடுத்து அதே பகுதியில் இன்னொரு திரள், என்.ஜி.சி. 5907. அன்றைக்கே பார்த்திருக்கலாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிக் குழாயை ஆட்டிவிட்டது. நோட்டில் தீட்டாவின் நடுக்கோட்டை மட்டும் இரண்டு முறை அழுத்திப் போட்டிருக்கிறேன்.