சோதனைக் காலத்தில் சில்லாலைக்கு ஒரு நேர்த்தி

செபம் வாயில் ஓடாத காலம் எல்லாருக்கும் வரும். பூசைக்குப் போனாலும் மனம் நில்லாது. வீட்டில் வருத்தம் விடாது. அந்த நேரம் பார்த்துத்தான், "ஆரோ செய்வினை செய்து போட்டினம், ஒருக்கால் சாத்திரம் கேட்டுப் பாருங்கோ" என்று அக்கறையோடு ஒருவர் வந்து சொல்லுவார். எதிரியாகிய சாத்தான் புகுகிற வாசல் அது. அப்படித் தடுமாறுகிற வேளையில் நேர்த்தி வைத்துப் போகவேண்டிய மண் சில்லாலை.

யாழ்ப்பாணம் நகரிலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு வழியாக ஏறக்குறைய 15 கிலோமீற்றர். பண்டத்தரிப்பில் பஸ்ஸால் இறங்கி மிச்சத்தை நடந்து போவதே நல்லது. அந்த நடைக்குள் 53 மணிச் செபமாலை முடிந்துவிடும். டச்சுக்காரர் காலத்தில் இந்த ஊர்ச் சனங்கள் ஒளித்து வைத்த குருவானவர் புனித யோசப் வாஸ் அடிகளார். அவருடைய திருநாள் தை (ஜனவரி) 16. நேர்த்திக்கு அந்த நாளைத் தெரிந்தெடுக்காமல் சாதாரண கிழமைநாளில் போங்கள். திருநாள் நெரிசலில் பீடத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க விடமாட்டார்கள். பவனி வரும்போது கும்பிடுகிற கைகளைவிடப் படம் பிடிக்கிற கைபேசிகள்தான் உயர்ந்து நிற்கும். இது மிகவும் வருத்தமான காரியம்.

புறப்பட முதல், ஒரு கிழமைக்கு முன்பே சொந்தப் பங்கில் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள். பெரும்பாலான நேர்த்திகள் பிழைப்பது இங்கேதான். மெழுகுதிரியும் காணிக்கையும் ஆயத்தமாக இருக்கும், மனத்தாங்கல் பழையபடி உள்ளே கிடக்கும். கையில் மந்திரித்த நூல் இருந்தால் அதையும் அறுத்துவிட்டே போகவேண்டும். நூலையும் செபமாலையையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டால், செபமாலையும் வெறும் தாயத்தாகிவிடும். பேய் ஓட்டித் தருகிறோம் என்று காசு கேட்பவர்கள் திருத்தலங்களைச் சுற்றித் திரிவார்கள். அவர்களிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். ஆயருடைய விசேட அனுமதி பெற்ற குருவானவரைத் தவிர வேறு எவரும் பேயோட்டும் சடங்கை நடத்தக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம்.

உள்ளே போய் முழந்தாளிட்டதும் விண்ணப்பங்களை அடுக்கத் தொடங்காதீர்கள். செபமாலையைக் கையில் எடுத்துச் சற்று நேரம் அதையே பாருங்கள். 1658இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று சட்டம் இருந்தது. 1687இல் கோவாவிலிருந்து வந்த அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அதை யார் உற்றுப் பார்க்கிறார்கள், யாருடைய கண் கலங்குகிறது என்று பார்த்தே தன் மந்தையைக் கண்டுபிடித்தார். அந்த நேரம் வயிற்றோட்டம் வேறு அவரைச் சாகும் அளவுக்கு வாட்டியிருந்தது. ஏறக்குறைய 30 வருடம் குருவானவரும் இல்லை, பூசையும் இல்லை. அப்படியிருந்தும் அந்த மணிகளைக் கண்டவுடன் இன்னதென்று தெரிந்துகொள்ள வீடுகள் மிச்சம் இருந்தன! இந்த இடத்தில் மனம் தானாகவே கரையும். கேட்க வந்தது மறந்துபோகும். மறக்கட்டும்.

பிறகு சில்லாலைச் சனங்கள் அவரை ஒளித்து வைத்தார்கள், இரவில் பூசை கண்டார்கள். 1689 நத்தார் வேளையில் டச்சுப்படை வந்து சுற்றி வளைத்தது. அடிகளார் தப்பினார், சனங்கள் அகப்பட்டார்கள். அகப்பட்டவர்களில் தொன் பேதுரு என்பவர் அடிபட்டே உயிர் விட்டார்.

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான போராட்டம். நேர்த்தி முடிந்தும் செபத்தில் வறட்சி போகவில்லையே என்று சோர்ந்து, முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தைக் கைவிடுகிறவர்கள் பலர். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதற்கு மிகத் தெளிவான வழி வைத்திருக்கிறார். மனம் இருண்டிருக்கும்போது, தெளிவான நேரத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றவே கூடாது. செபத்தைக் குறைக்கச் சொல்லித்தான் சோதனை வரும். ஆகையால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டவேண்டும். ஒரு பத்து மணியோடு நிறுத்த மனம் வந்தால், இன்னுமொரு பத்து மணி சொல்லுங்கள். மூன்றாவது, வருகிற எண்ணங்களை ஒளிக்காமல் ஆன்ம குருவிடம் சொல்லிவிடவேண்டும். இரகசியமாக இருக்கும்வரைதான் எதிரிக்குப் பலம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் கடைசியில் சாத்திரக்காரரின் வாசலில் போய் நிற்கிறார்கள்.

2015 தை 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். ஆண்டவரே, உமக்குத் தோத்திரம். அடிகளாருக்காக மட்டுமல்ல, அவருக்குக் கதவு திறந்தவர்களுக்காகவும், பூசை இல்லாத அத்தனை வருடமும் பிள்ளைகளுக்கு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொடுத்த தாய்மாருக்காகவும், கோட்டைக்குள் விலங்கோடு கிடந்தவர்களுக்காகவும், எங்கள் கையில் இன்றைக்கும் இருக்கிற இந்தச் செபமாலைக்காகவும் உமக்குக் கோடானுகோடி நன்றி. ஆமென்.