300 பார் என்று குத்தியிருந்தால் 300 ஏற்றலாமா?

பிசிபி ஏர்கன் (அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும் துப்பாக்கி) வைத்திருப்பவர் பலரும் காற்று ஏற்றும்போது பார்ப்பது மீட்டர் முள்ளை. முதலில் பார்க்க வேண்டியது, துப்பாக்கிக்குக் காற்று தரும் பாட்டிலின் (சிலிண்டர்) தோள்பட்டையில் குத்தியிருக்கும் எண்களை. டபிள்யூ.பி. என்றால் வேலை அழுத்தம்: 200, 232, 300 பார் (அழுத்தத்தின் அலகு) என்று வரும். பி.டி. அல்லது டி.பி. என்றால் சோதனை அழுத்தம்; 300 பார் பாட்டிலில் பெரும்பாலும் 450. தண்ணீர் நிரப்பிச் சோதித்த எண் அது, நாம் ஏற்றுவதற்கானது இல்லை. "450 தாங்கும்னு போட்டிருக்கே" என்று 330 வரை தள்ளுகிறவர்களிடம் வாதம் செய்து பயனில்லை, தள்ளி நிற்பதே நல்லது.

அலகும் குழப்பும். 1 பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ. 3000 பிஎஸ்ஐ 207 பார், 4500 பிஎஸ்ஐ 310 பார். 300 பார் பாட்டிலை 4500 வரை ஏற்றினால் 10 பார் கூடுதல்.

பாட்டில் 300 என்பதால் துப்பாக்கியும் 300 ஆகிவிடாது. துப்பாக்கியின் டேங்க் 200 என்றால் 200-லேயே நிறுத்த வேண்டும். ஹோஸ், இணைப்பு, மீட்டர் எல்லாம் சேர்ந்த வரிசையில் எது குறைவோ அதுதான் எல்லை. 3 லிட்டர் பாட்டிலில் 300 பார் இருக்க, 200 சி.சி. டேங்கை 120-லிருந்து 200-க்கு ஏற்றினால் ஒவ்வொரு முறையும் பாட்டிலில் 5 பாருக்குக் கொஞ்சம் மேல் இறங்கும். பாட்டில் 200-ஐத் தொடும் வரை கணக்குப்படி 18 தடவை; நடைமுறையில் ஒன்றிரண்டு குறையும்.

நம் ஊரில் வெயிலைக் கணக்கில் சேர்க்காமல் முடியாது. வேலை அழுத்தம் 15 டிகிரிக்குச் சொல்லப்படுவது. 300 பாரில் ஒரு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் ஏறும். ஓசூரில் காலை 20 டிகிரியில் 300 ஏற்றி, மதியம் 38 டிகிரியில் தர்மபுரியில் இறங்கினால் முள் 318-ஐத் தாண்டும். இந்த ஏற்றத்துக்குப் பாட்டிலில் இடம் வைத்துத்தான் செய்திருப்பார்கள், ஆனால் பூட்டிய கார் டிக்கியில் 60 டிகிரி வரை போகவிடுவது வேறு கதை.

வேகமாக ஏற்றினாலும் சூடாகும். 45 டிகிரியில் 300 காட்டியது, 25-க்கு ஆறியதும் 280 தான் இருக்கும். லீக் என்று நினைத்துக் கழற்ற வேண்டாம். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, நிமிடத்துக்கு 20, 30 பார் என்று மெதுவாக ஏற்றுங்கள். ஆறிய பிறகு குறைந்ததை நிரப்புங்கள். முடிந்ததும் பாட்டில் வால்வை மூடி, பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து ஹோஸில் அடைபட்ட காற்றை வெளியே விட்ட பிறகே இணைப்பை எடுக்க வேண்டும். பிளீட் செய்யாமல் இழுத்தால் இணைப்பு கழலாது. பலமாக இழுத்துக் கழன்றால் ஹோஸ் சாட்டை மாதிரி அடிக்கும்.

ஓ-ரிங்குக்கு (இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிகான் கிரீஸ் மட்டும். வண்டி எஞ்சின் ஆயில், சாதா கிரீஸ் எதுவும் உள்ளே போகக் கூடாது. அழுத்தம் திடீரென ஏறும்போது எண்ணெய் ஆவி டீசல் எஞ்சினில் போலப் பற்றிக்கொள்ளும். ஓசூர், கிருஷ்ணகிரி வெல்டிங் கேஸ் கடைகளில் ஆக்ஸிஜன் எளிதில் கிடைக்கும், அதைத் தொடவே கூடாது. நைட்ரஜன் பாதுகாப்பானது, ஆனால் அங்கே கிடைக்கும் சிலிண்டர் பெரும்பாலும் 150 பார்தான். அதிலிருந்து 150-க்கு மேல் எங்கே ஏறும்? பஞ்சர் கடை கம்ப்ரசர் 10 பாருக்குப் பக்கத்தில், பேச்சுக்கே இடமில்லை.

கை பம்பில் ஏற்றுவோருக்கு ஈரம்தான் பிரச்சினை. சிலிக்கா ஜெல் ஃபில்டர் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். தேங்கும் தண்ணீர் ஸ்டீல் பாட்டிலை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். அலுமினிய பாட்டிலை அழகுக்காகப் பவுடர் கோட்டிங் கடையில் கொடுக்காதீர்கள். அந்த அடுப்பின் 180, 200 டிகிரியில் உலோகத்தின் வலிமை போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

500 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டில்கள் 2016 எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வரும். பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி பெற்றது தானா, மறுசோதனைத் தேதி தாண்டவில்லையா என்று வாங்கும்போதே பாருங்கள். மரையில் கசிவு கேட்டால் அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனர் போடாதீர்கள். முழுதும் இறக்கிவிட்டு ஓ-ரிங்கை மாற்றுங்கள்.