கெய்ரோவில் உம் குல்தூமின் கறுப்புக் கண்ணாடி

கெய்ரோ போகிறவர்கள் பிரமிடு, மியூசியம், பழைய கடைத்தெரு என்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஊரில் முதலில் பார்க்கவேண்டும் என்றிருந்தது, நைல் நதிக்கு நடுவே ரோடா தீவின் தென்முனையில் இருக்கும், எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் அருங்காட்சியகம். அந்தக் காலத்தில் நைலின் வெள்ளத்தை அளந்த நைலோமீட்டர் இருக்கிற அதே வளாகம்தான். 2001-ல் திறந்தார்கள். சின்ன இடம், கூட்டமே இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய கறுப்புக் கண்ணாடி, விளிம்பில் வைரக் கற்கள் பதித்தது. தைராய்டு கோளாறால் கண் பாதிக்கப்பட்டதால் அவர் போட ஆரம்பித்தது, பின்னால் அதுவே அடையாளமாகிவிட்டது. மேடையில் எந்நேரமும் கையில் பிடித்திருப்பாரே, அந்தப் பட்டுக் கைக்குட்டையும் இருக்கிறது. அதை விட்டு நகரவே எனக்கு மனம் வரவில்லை.

நைல் டெல்டாவில் ஒரு சின்னக் கிராமத்துப் பெண். அப்பா பள்ளிவாசல் இமாம், கல்யாண வீடுகளில் பக்திப் பாடல் பாடுவார். மகளின் குரலைக் கேட்டுவிட்டுக் கூட அழைத்துப் போனார், ஆனால் பெண் பிள்ளை சபையில் பாடுவதா என்று ஊர் பேசுமே, அதனால் பையன் வேஷம் போட்டுப் பாட வைத்தார். 1920களில் கெய்ரோவுக்கு வந்தார்கள். கவிஞர் அகமது ராமி நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதிக் கொடுத்தார், அல்-கஸப்கி, அல்-சுன்பாத்தி போன்றவர்கள் இசையமைத்தார்கள். இதில் கஸப்கியை நினைத்தால் எனக்கு எப்போதும் மனசு கனக்கும். பெரிய இசையமைப்பாளர், ஒரு கட்டத்துக்கு மேல் அவருடைய மெட்டுகளை உம் குல்தூம் பாடவில்லை, ஆனாலும் 1966-ல் இறக்கும்வரை கஸப்கி உம் குல்தூமின் குழுவிலேயே ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தை வாசித்துக்கொண்டே இருந்தார்.

1936-லிருந்து 1947 வரை ஆறு படங்களில் நடித்தார், அப்புறம் நடிக்கவில்லை. என்னைக் கேட்டால் சினிமா அவருக்குப் போதாத இடம். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு சங்கதியோடு, சபை ஆர்ப்பரிக்க ஆர்ப்பரிக்க நீட்டிக்கொண்டே போகிறவர் அவர், அதை எந்த படச்சுருளில் அடக்குவது? மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவர் கச்சேரி வானொலியில் வரும்போது அரபு நாடுகளில் தெருக்களே காலியாகிவிடும் என்பார்கள்.

1967-ல் இஸ்ரேலுடனான போரில் எகிப்து தோற்றபின் ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் பாடி, வசூலை நாட்டுக்கே கொடுத்தார், பாரிஸ் ஒலிம்பியா அரங்கு உட்பட. 1975 பிப்ரவரி 3-ல் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கில் திரண்ட ஜனங்கள் சவப்பெட்டியைத் தாங்களே தோளில் வாங்கிக்கொண்டு வேறு வழியில் ஹுசைன் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கெய்ரோவின் ஸமாலெக் பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டையும் பார்க்கலாம் என்று போனால், வீடு இல்லை. இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் அவர் பெயரில் ஒரு ஓட்டல் நிற்கிறது. இப்படி ஒருவரின் வீட்டை எப்படி இடிக்க மனம் வந்ததோ, எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் 1966-ல் பாடிய 'அல்-அத்லால்' பாட்டில் தொடங்குங்கள். கச்சேரிப் பதிவாகவே தேடிப் பிடியுங்கள், சுருக்கின பதிவு வேண்டாம். முதலில் வாத்தியங்கள் மட்டுமே ரொம்ப நேரம் போகும், அதைத் தள்ளிவிட்டுக் கேட்காதீர்கள்.