வார்டு போஸ்டிங்: நர்சிங் மாணவர்களின் பதிலில் என்ன இருக்கிறது?

போஸ்டிங் (ஆஸ்பத்திரி வார்டில் செய்முறைப் பயிற்சி) முடித்து வரும் நர்சிங் மாணவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்தது", "வேலை ஜாஸ்தி" என்பதோடு பதில் முடிந்துவிடும். துருவிக் கேட்டால்தான் விஷயம் வரும். அப்போதும் பேச்சு பெரும்பாலும் ஒரு மனிதரையே சுற்றும்: கூட நின்று சொல்லிக்கொடுத்தவர், அல்லது சொல்லிக்கொடுக்காமலே போனவர்.

ஃபின்லாந்தின் நர்சிங் ஆய்வாளர் மிக்கோ சாரிகோஸ்கி, வார்டுப் பயிற்சி மாணவர்களுக்கு எப்படி அமைகிறது என்பதை அளப்பதற்காக உருவாக்கிய கேள்வித்தாளின் 2008ஆம் ஆண்டு வடிவத்தில் 34 வாக்கியங்கள் உண்டு. வார்டின் சூழல், வார்டு சிஸ்டர் நடத்தும் விதம், நோயாளிக் கவனிப்பு, கல்லூரி ஆசிரியரின் பங்கு எல்லாம் அதில் வரும். ஆனால் மாணவரின் திருப்தியைப் பெரிதும் தீர்மானிப்பது மேற்பார்வை செய்பவரோடு அமையும் உறவுதான்.

ஏன் என்பதற்கு சலைன் சொட்டுக் கணக்கே போதும். 500 மி.லி. 4 மணி நேரத்தில் போக வேண்டும். சொட்டு விடும் குழாயான செட் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு தருவது. 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. வகுப்பில் எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். வார்டில் செட்டின் உறை எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். அது 20 சொட்டு செட்டா, 15 சொட்டு செட்டா என்பது அந்த உறையில்தான் அச்சாகியிருந்தது. 15 என்றால் விடை 31. தெரியாமல் 42 விட்டால் பாட்டில் மூன்று மணி நேரத்திலேயே காலி. சரியாக வைத்த பிறகும் நோயாளி கையை மடக்கினாலோ கட்டிலை உயர்த்தினாலோ வேகம் மாறிவிடும். உறையைப் படித்த பிறகே எறி, பாட்டிலில் மணிவாரியாகக் கோடு போட்ட பட்டை ஒட்டு, கால் மணி கழித்துத் திரும்ப எண்ணு: இந்த மூன்றையும் பக்கத்தில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ்தான் சொல்ல முடியும்.

மாணவர்களை அதிகம் குழப்புவது மூச்சு எண்ணிக்கை. ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று படித்துவிட்டு வருகிறார்கள். சார்ட்டைத் திறந்தால் எல்லாக் கட்டிலுக்கும் 20. யாரும் எண்ணுவதில்லை என்று இரண்டே நாளில் புரிந்துவிடுகிறது, அவர்களும் 20 எழுதத் தொடங்குகிறார்கள். இதைச் சின்ன விஷயமாக விட முடியாது. நோயாளியின் நிலை மோசமாகும்போது முதலில் மாறும் அளவுகளில் மூச்சும் ஒன்று. நாடி பார்த்து முடித்ததும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல் மார்பைக் கவனித்து எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். ஒரு சீனியர் ஒருமுறை இப்படிச் செய்து காட்டினால் மாணவருக்கு அது பழக்கமாகிவிடும்.

மாணவர் செய்த செயல்முறைகளைப் பதியும் லாக் புக் இதையெல்லாம் காட்டாது. அதில் எண்ணிக்கையும் கையெழுத்தும் மட்டுமே. பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று தனித்தனிப் பத்தி இல்லாவிட்டால், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவதைப் பார்த்தவரும் போட்டவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

திருத்தம் சொல்வதற்குச் செயல்முறை முடிந்தவுடன், நோயாளியின் காதுக்கு எட்டாத இடத்தில் இரண்டு நிமிடம் போதும். "டிரெஸ்ஸிங் நல்லா பண்ணினே" என்பதால் பயனில்லை. "ஃபோர்செப்ஸை ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) துணியின் ஓரத்தில் வெச்சே, ஓரத்து இரண்டரை சென்டிமீட்டரை ஸ்டெரைலா எடுத்துக்கக் கூடாது" என்றால் அடுத்த முறை கை தானாகவே உள்ளே தள்ளி வைக்கும். நோயாளி முன்னால் திட்டினால் மாணவர் கற்பது தவறை மறைக்கத்தான். மறைத்த தவறின் விலையை நோயாளி கொடுக்க வேண்டிவரும்.

மாணவர்களின் கருத்தை உண்மையாகவே அறிய விரும்பும் கல்லூரி, மதிப்பெண் வெளியான பிறகு பெயரில்லாமல் கேட்க வேண்டும். மதிப்பெண் போட்டவரே தாளைச் சேகரிக்கக் கூடாது. வார்டுக்கு மூன்று பேர்தான் போனார்கள் என்றால் பெயர் இல்லாவிட்டாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அங்கே பல பேட்ச்களின் தாள்களைச் சேர்த்து, தட்டச்சு செய்த பிறகே வார்டுக்கு அனுப்பலாம். "திருப்தியா?" என்று கேட்பதைவிட, "நீங்கள் ஒரு செயல்முறையைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்வதை ஒருவர் பார்த்துக் கருத்துச் சொன்னது எத்தனை முறை?" என்று கேளுங்கள். "படித்ததும் வார்டில் பார்த்ததும் வேறுபட்டபோது யாரிடம் கேட்டீர்கள்?" என்பதையும் சேருங்கள். "யாரிடமும் இல்லை" என்ற பதில் ஒரே வார்டிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த பேட்ச் போவதற்கு முன் அந்த வார்டு சிஸ்டரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.