அம்மாவை சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பப் போட்ட கணக்கு

தம்பி மனைவிக்கு டிசம்பரில் பிரசவம். அம்மாவை அனுப்பி வைக்கும் பொறுப்பு பாளையங்கோட்டையில் இருக்கிற என்னிடம் வந்தது.

விசா கிடைத்ததும் எழுந்த கேள்வி, எங்கே விமானம் ஏற்றுவது என்பதுதான். வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி விமான நிலையம் பக்கம்தான், ஆனால் அங்கே உள்நாட்டு விமானங்கள் மட்டும். சென்னையில் ஒருமுறை, வெளிநாட்டில் ஒருமுறை என அம்மா இரண்டு இடத்தில் மாற வேண்டும். திருவனந்தபுரம் என்றால் துபாயில் மட்டும் மாறினால் போதும். பெட்டியும் நேராகப் போய்விடும். நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாக 150 கிலோமீட்டர் காரில் போவது பெரிய விஷயமில்லை என்று அதையே முடிவு செய்தோம். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நன்றாக நடக்க முடியும் என்றாலும் கேளுங்கள். துபாயில் நடக்கிற தூரம் கொஞ்சமில்லை.

டிக்கெட்டைப் பார்த்த அம்மா, "ஏட்டி, துபாயில காலைல 9 மணிக்கு ஏறி மதியம் 1 மணிக்கு இறங்கிருதேன். நாலு மணி நேரந்தானா?" என்று கேட்டாள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் சான்பிரான்சிஸ்கோ துபாயைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதையும் கூட்டினால் 16 மணி நேரம்.

தூரம் சுமார் 13,000 கிலோமீட்டர். சுவர் வரைபடத்தில் பார்த்தால் மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக் என்று போக வேண்டும் போலத் தெரியும். மகளின் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிப் போய் மறுபக்கம் இறங்கியது! இரண்டு ஊரும் ஏறக்குறைய எதிரெதிர் தீர்க்கரேகையில் இருப்பதுதான் காரணம். காற்றையும் வான்வெளித் தடைகளையும் பொறுத்து உண்மையான பாதை கொஞ்சம் வளையும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் பதினாலரை மணி நேரம்தான் வருகிறது. அந்த வளைவும், ஓடுதளத்தில் ஊர்ந்து, ஏறி, இறங்குகிற நேரமும் சேர்ந்துதான் 16 ஆகிறது.

அப்புறம் சிங்கப்பூர் வழியையும் அளந்தேன். கிழக்கே சுற்றினாலும் மொத்தத்தில் சில நூறு கிலோமீட்டர்தான் கூடுதல். அவ்வளவு மறுபக்கத்தில் இருக்கிறது அந்த ஊர்.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் நாலேகால் மணி நேரம். பறக்கிற நேரம் மட்டும் 20 மணி நேரம் சொச்சம். காரையும், முன்கூட்டிப் போய்க் காத்திருப்பதையும், அங்கே குடியேற்றச் சோதனை வரிசையையும் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு 30 மணி நேரத்தைத் தாண்டும். மாத்திரைகளைக் கைப்பையில் அந்தக் கணக்குக்கு வைக்க வேண்டும், டிக்கெட்டில் தெரிகிற கணக்குக்கு அல்ல. அம்மா இறங்கும்போது நமக்கு மறுநாள் பின்னிரவு 2.30 மணி. தம்பியிடமிருந்து போன் வரும் வரை நான் தூங்கவில்லை.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். அங்கே திங்கள் பிற்பகல் ஏறினால் துபாயில் செவ்வாய் மாலை, திருவனந்தபுரத்தில் புதன் விடியற்காலை. கார் டிரைவரிடம் புதன்கிழமை என்று இரண்டு தடவை சொல்லி வைத்திருக்கிறேன்.