கை கால் இல்லாத பொம்மையும் எங்கள் ஊர் கடைசல் பட்டறையும்

ஜப்பானில், சென்டாய் நகரத்தில் படிக்கும் சித்தப்பா மகள் போன மாசம் காரைக்குடி வந்தபோது எனக்கு ஒரு மரப்பொம்மை கொண்டு வந்தாள். ஒரு சாண் உயரம், உருண்டைத் தலை, உருளை மாதிரி உடம்பு, அதில் சிவப்புச் செவ்வந்தி. கை இல்லை, கால் இல்லை. கழுத்தைப் பிடித்துத் திருகினால் 'கீச்' என்று ஒரு சத்தம். இதற்குப் பெயர் கொகேஷி, இது நாருகோ ஊர்ப் பொம்மை, இந்த ஊர்ப் பொம்மைதான் இப்படி அழும் என்றாள்.

அன்றிலிருந்து நான் வேறு எதையும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எனக்குத் தோன்றிய கேள்வி, ஏன் கை கால் வைக்கவில்லை என்பது. எங்கள் அப்பத்தா வீட்டு மரப்பாச்சிக்குக் கை உண்டு, கால் உண்டு, செதுக்கின கொண்டைகூட உண்டு. ஆனால் மரப்பாச்சி உளியால் செதுக்குவது. கொகேஷி கடைசலில் பிறப்பது. சுற்றுகிற மரத்தில் உளியை வைத்தால் உருண்டை வரும், உருளை வரும், இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம் வரும், கை வராது. ஜப்பானின் வடகிழக்கில் தோஹோக்கு என்ற 6 மாவட்டப் பகுதியில், மலைக்காட்டு ஓரம் மரக்கிண்ணமும் தட்டும் கடைந்து பிழைத்தவர்களுக்கு கிஜிஷி என்று பெயர். ஜப்பானில் எடோ காலம் என்று சொல்கிற ஆட்சிக் காலத்தின் கடைசியில், சுமார் 200 வருஷத்துக்கு முன்னால், அவர்கள்தான் பிள்ளைகள் விளையாட இதையும் கடைந்து விற்க ஆரம்பித்தார்கள். வாங்கினது யார் என்றால் விவசாயிகள். வயல் வேலை ஓய்ந்ததும் அரிசி, சட்டி எல்லாம் கட்டிக்கொண்டு வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் போய், வாரக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, உடம்பு வலி தீரக் குளித்துவிட்டு வருவது அங்கே வழக்கம். திரும்பும்போது பிள்ளைக்கு ஏதாவது வாங்காமல் வர முடியுமா? சிவப்புச் சாயம் பூசின பொம்மை இருந்தால் அம்மை அண்டாது என்ற நம்பிக்கையும் அன்றைக்கு இருந்தது. வாசலில் வேப்பிலை செருகுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு ஊற்று ஊருக்கும் ஒரு சாயல். தோகத்தா பொம்மையின் தலையில் சிவப்புக் கோடுகள் பூ விரிவது மாதிரி விரியும். சுச்சியூ பொம்மையின் உச்சந்தலையில் வட்டத்துக்குள் வட்டம். நான்பு பக்கத்துப் பழைய பொம்மையில் வண்ணமே கிடையாது, தலை மட்டும் லொடலொடவென்று ஆடும், பால் குடிக்கிற குழந்தை வாயில் வைத்துச் சப்புவதற்காகச் செய்தது. பொதுவாக 11 வகை என்று பிரிக்கிறார்கள், 10, 12 என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் மிசுகி என்ற வெள்ளை மரம். இலையுதிர் காலத்துக்குப் பிறகு வெட்டி, பட்டையை உரித்து, காற்றில் அடுக்கி, ஆறு மாசம் ஒரு வருஷம் என்று காய விடுகிறார்கள். சரியாகக் காயாத மரத்தைத் தொட்டால் பின்னால் வெடிக்கும் என்று எங்கள் ஊர் ஆசாரியும் சொல்வார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கொகேஷி என்றால் 'பிள்ளையை அழிப்பது' என்று பொருள், பஞ்ச காலத்தில் கொன்ற குழந்தைகளின் நினைவாகச் செய்தது என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. படிக்க உருக்கமாக இருக்கிறது, பொம்மையைப் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது, அதனால்தான் எல்லோரும் அதைப் பகிர்கிறார்கள். ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. போருக்குப் பிறகு பரவின கதை அது. முன்பு இந்தப் பொம்மைக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தது, தெகோ என்பார்கள், கிதேகோ என்பார்கள், இன்னும் பல. 1940ல் நாருகோவில் கூடிப் பேசித்தான் 'கொகேஷி' என்று ஒரே பெயராக வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் சந்தோஷத்துக்காகக் கடைந்த ஒன்றின் மேல் இப்படி ஒரு பழியைப் போடுவது எனக்குத் தாங்கவில்லை. தயவுசெய்து பகிராதீர்கள்.

அப்புறம், பொம்மையை எடுத்துக்கொண்டு ஊரில் எனக்குத் தெரிந்த கடைசல் பட்டறைக்குப் போனேன். கட்டில் கால், ஊஞ்சல் குமிழ், தொட்டில் கட்டை என்று பழைய வீட்டுச் சாமான்களுக்கு மாற்றுக் கடைகிற பெரியவர். இப்போது மோட்டார்தான், ஆனால் சின்ன வயசில் அப்பா உளி பிடிக்க இவர் கயிறு இழுத்திருக்கிறார். ஜப்பானிலும் அப்படித்தான், ஒருவர் கயிறு இழுக்க ஒருவர் கடைவது, காலால் மிதிக்கிற கடைசல் பின்னால் வந்தது என்று சொன்னேன். அவர் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கழுத்தைத் திருகினார். கீச். இன்னொரு தரம் திருகினார்.

"தலையைத் தனியாக் கடைஞ்சிருக்காங்க தம்பி. உடம்பு சுத்திக்கிட்டு இருக்கும்போதே அழுத்தி ஏத்தியிருக்கணும். சூட்டுல வாங்கிக்கும், ஆறினதும் இறுகிடும். இனிமே இது வராது."

நான் ரெண்டு நாள் தேடிப் படித்ததை அவர் ரெண்டு திருகில் சொல்லிவிட்டார். தோளில் உள்ள வளையக் கோடுகளைத் தடவிவிட்டு, "இது சுத்தும்போது தூரிகையை வச்சது. நம்ம மாதிரி அரக்கு இல்ல, வெறும் சாயம், தண்ணி படாமப் பாத்துக்க" என்றார். நம் சொப்புச் சாமானில் சுற்றுகிற மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, அந்தச் சூட்டிலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும். கொகேஷியில் சாயம் காய்ந்த பிறகு மெழுகு தேய்ப்பதோடு சரி. அதனால் வெயிலிலும் வைக்கக் கூடாது.

பிறகு கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கறுப்பு மையில் நாலைந்து எழுத்து.

"என்ன போட்டிருக்கு?"

"செஞ்சவர் பேரு."

1920களில் தகரப் பொம்மையும் செல்லுலாய்டு பொம்மையும் வந்து பிள்ளைகள் இதைக் கைவிட்ட நேரத்தில், பெரியவர்கள் சேகரிக்க ஆரம்பித்து இதைக் காப்பாற்றினார்கள். இது யார் கை, அவர் யாரிடம் தொழில் கற்றார் என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அடியில் பெயர் எழுதும் வழக்கம் அவர்களால்தான் வேரூன்றியது. இதை அவரிடம் சொல்லும்போது எனக்கு அப்பத்தாவின் சொப்புப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. கல்யாணச் சாமானோடு வந்தது, அம்மி, ஆட்டுக்கல், குடம், இட்லிச் சட்டி எல்லாம் கட்டைவிரல் அளவில். அந்தப் பெட்டியை யார் கொடுத்தது, எந்த வண்டியில் வந்தது என்பது வரை அப்பத்தாவுக்குத் தெரியும். கடைந்தவர் பெயர் தெரியாது. எங்கள் வளவில் நிற்கிற பர்மா தேக்குத் தூண்களுக்கும் அதே கதிதான், வீடு கட்டினவர் பெயர் முகப்பிலேயே இருக்கிறது.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்பா கடைந்த குமிழ்கள் எந்தெந்த வீட்டு ஊஞ்சலில் இருக்கின்றன என்று தெருத் தெருவாகச் சொன்னார். அதில் ரெண்டு வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். சாமான் எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருக்கும்.

என் மகளுக்கு ஒரு சொப்பு செட்டு கடைந்து தரச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் அடியில் உங்கள் பெயரைப் போட்டுத் தாருங்கள் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அம்மிக் குழவிக்கு அடியில இடம் பத்தாதே," என்றார். "இனிஷியல் மட்டும் போட்டாப் போதுமா?"