காப்புக்கு வைத்த பூ: 1937 'அம்பிகாபதி'

1937 இல் வந்த 'அம்பிகாபதி' என்றதும் பாகவதர் குரல், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம், இளங்கோவன் வசனம் என்று பேச்சு போகும். எனக்கோ அந்தக் கதையைத் தாங்கி நிற்கும் கணக்குப் பிழைதான் முதலில் நினைவுக்கு வரும்.

கதை தெரிந்ததுதான். கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் காதல். சிற்றின்ப வாடையே இல்லாமல் தெய்வத்தின் மேல் நூறு பாடல் பாடினால் உயிர் தப்பலாம் என்கிறான் அரசன். மறைவில் அமர்ந்து பாட்டுக்கு ஒரு பூவாக எண்ணுகிறாள் அமராவதி. நூறாவது பூ விழுந்ததும் எழுந்து வருகிறாள். அவளைப் பார்த்த கணத்தில் காதல் பாட்டு வந்துவிடுகிறது. கணக்கில் இருந்ததோ தொண்ணூற்றொன்பதுதான்.

பிழை எங்கே? காப்புச் செய்யுளுக்கும் அவள் ஒரு பூ வைத்துவிட்டாள். காப்பு என்பது தொடக்கத்தில் பாடும் கடவுள் வணக்கப் பாட்டு; அது நூலுக்கு வெளியே நிற்பது. அபிராமி அந்தாதியை எடுத்துக்கொள்ளுங்கள்: 'தாரமர் கொன்றையும்' என்ற காப்பும் நூலைப் படிப்பதன் பலனைச் சொல்லிக் கடைசியில் வரும் நூற்பயனும் நீங்கலாகத்தான் நூறு. புலவர் சபைக்கு இது பாலபாடம். காதில் விழுந்ததையெல்லாம் எண்ணியவளுக்கு அது தோன்றவில்லை.

அவன் அப்போது பாடியதாக வழங்கும் பாட்டு இது:

சற்றே பருத்த தனமே குலுங்கத் தரளவடம்
துற்றே யசையக் குழையூச லாடத் துவர்கொள்செவ்வாய்
நற்றே னொழுக நடனசிங் கார நடையழகின்
பொற்றே ரிருக்கத் தலையலங் காரம் புறப்பட்டதே

இது கட்டளைக் கலித்துறை, எழுத்தெண்ணிப் பாடும் பாட்டு வகை. நேரசையில் தொடங்கினால் புள்ளி வைத்த எழுத்தை நீக்கி அடிக்கு 16 எழுத்து வர வேண்டும். எண்ணிப் பாருங்கள், நான்கு அடியிலும் சரியாக 16. தலை போகும் நேரத்திலும் ஓர் எழுத்து பிசகவில்லை. ஒரு பாட்டு பிசகிவிட்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

அமெரிக்கரான டங்கனுக்குத் தமிழ் தெரியாது. ரோமியோ ஜூலியட்டின் காதல் காட்சிகளைக் காட்டி இளங்கோவனை எழுதவைத்தார். நல்ல யோசனைதான், காதல் காட்சிகளுக்கு. முடிவு மட்டும் இங்கேயே விளைந்தது. அங்கே போக வேண்டிய கடிதம் போய்ச் சேராததால் சாவு. இங்கே யாப்பு மரபு ஒன்று தெரியாததால் சாவு.

பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வந்தது 1938 இல்தான். அதனால் பாகவதர் காமிரா முன்னாலேயே பாடியாக வேண்டும். வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒரு சங்கதி தவறினாலும் நடிப்போடு சேர்த்து அந்த ஷாட் முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும். பாபநாசம் சிவனின் பாடல்களை அப்படிப் பாடி எடுத்த படம் இது. பழைய படங்களில் பாட்டு வந்தால் காமிரா அசையாமல் நிற்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதையிலேயே இதற்கு முன்னால் ஒரு சறுக்கல் உண்டு. விருந்தில் பரிமாற வந்த அமராவதியைக் கண்டு,

இட்டஅடி நோக எடுத்தஅடி கொப்பளிக்க
வட்டில் சுமந்து மருங்கசைய

என்று வாய்விட்டுவிட்டான் அம்பிகாபதி. அரசன் முகம் மாறுவதற்குள் கம்பர் 'கொட்டிக் கிழங்கோ கிழங்கென்று கூறுவாள் நாவில் வழங்கோசை வையம் பெறும்' என்று முடித்து, தெருவில் கிழங்கு விற்பவளைப் பற்றிய பாட்டாக மாற்றிவிட்டார். மகன் நிறுத்திய இடம் வெண்பாவின் தனிச்சொல், அதாவது இரண்டாம் அடியின் கடைசிச் சீர், வர வேண்டிய இடம். தந்தை நுழைய வாசல் இருந்தது. நூறாவது பூவுக்குப் பின் வந்ததோ நான்கு அடியும் நிரம்பி, ஏகாரத்தில் முடிந்துபோன பாட்டு. கம்பர் சேர்க்க ஒரு சீர்கூட மிச்சமில்லை.